நற்செய்தி: சொல்பவர் நாவும் கேட்பவர் காதும்

(கருத்தரங்க உரையும், அவையோர் கேள்விகளுக்கான பதில்களும்)



கிறிஸ்தவர்கள் 'நற்செய்தி', 'சுவிசேஷம்' என்று அடிக்கடி சொல்கிறார்கள். அந்தச் செய்திதான் என்ன? கிறிஸ்தவர் அல்லாத ஒருவருக்கு அதை எப்படி விளக்குவது? இதுவே இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. யாரையும் எந்தச் சமயத்திற்கும் அழைக்க நான் இங்கே நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எதை நம்புகிறார் என்பதைத் தெளிவாக எடுத்துச் சொல்வதே என் வேலை. ஏற்பதும் ஏற்காததும் உங்கள் உரிமை.

பினாங்கில் பிறந்தவர்களுக்கு இந்தத் தெளிவு மிகவும் தேவை. ஜோர்ஜ்டவுனில் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலைப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். 1818-ல் எழுந்த செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833 முதல் குவீன் ஸ்திரீட்டில் இருக்கும் மகா மாரியம்மன் ஆலயம், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் நான்கையும் அந்த ஒரே நடையில் பார்த்து விடலாம். சுமார் இருநூறு ஆண்டுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிறோம். பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக் கொள்கிறோம். ஆனால் ஒருவர் சமயத்தின் அடிப்படை என்னவென்று இன்னொருவரைக் கேட்டால், பெரும்பாலும் 'கிறிஸ்மஸ், சிலுவை, ஞாயிற்றுக்கிழமை' என்பதோடு பதில் நின்று விடுகிறது.

செய்தியா, அறிவுரையா?

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். கிரேக்க மொழியில் 'எவாங்கெலியோன்' என்பார்கள். நல்ல சேதி என்று பொருள். போர்க்களத்தில் இருந்து ஓடி வந்து 'நாம் வென்று விட்டோம்' என்று ஊருக்குச் சொல்வது எவாங்கெலியோன். ரோமப் பேரரசர் அகஸ்டஸின் பிறப்பைப் பற்றி கி.மு. 9-ஆம் ஆண்டில் வெட்டப்பட்ட ஒரு கல்வெட்டிலும் இதே சொல் வருகிறது.

உங்கள் கையில் இருக்கும் நாளிதழையே எடுத்துக் கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் இருப்பது செய்தி. நடுப்பக்கத்தில் இருப்பது அறிவுரை. 'நேற்று இது நடந்தது' என்பது செய்தி. 'நீ இப்படி நட' என்பது அறிவுரை. பொய் சொல்லாதே, தாய் தந்தையரை மதி, ஏழைக்கு இரங்கு என்ற அறிவுரைகள் எல்லாச் சமயங்களிலும் உண்டு. அவற்றுக்காக நம் தமிழர் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. திருக்குறள் ஒன்றே போதும். கிறிஸ்தவத்திலும் அறிவுரைகள் ஏராளம். ஆனால் 'நற்செய்தி' என்று அவர்கள் சொல்வது ஒன்று நடந்தது என்னும் அறிவிப்பைத்தான்.

எது நடந்தது என்கிறார்கள்? இயேசு என்ற யூதர், ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் ஆட்சியில், ஏறத்தாழ கி.பி. 30-ஆம் ஆண்டில் சிலுவையில் அறையப்பட்டார், புதைக்கப்பட்டார், மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார், அதனால் கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே அடைபட்டிருந்த வழி திறந்தது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான் நற்செய்தி.

இதில் இரண்டு பகுதிகள் இருப்பதைக் கவனியுங்கள். இயேசு கொல்லப்பட்டது வரலாறு. கிறிஸ்தவர் அல்லாத ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எழுதியிருக்கிறார். உயிர்த்தெழுந்தார் என்பதும், அது உலகத்துக்காக நடந்தது என்பதும் நம்பிக்கை. சொல்பவர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல் சொன்னால், கேட்பவர் நின்று யோசிப்பார்.

ஒரு தகப்பனும் இரண்டு மகன்களும்

இயேசு தத்துவமாகப் பேசியதை விடக் கதையாகச் சொன்னதே அதிகம். லூக்கா எழுதிய நற்செய்தியில் உள்ள ஒரு கதையை என் வார்த்தையில் சொல்கிறேன்.

ஒரு தகப்பனுக்கு இரண்டு மகன்கள். இளையவன் வந்து, 'என் பங்கைப் பிரித்துக் கொடுத்து விடுங்கள்' என்கிறான். அப்பா உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிரிக்கச் சொல்வதற்கு நம் ஊரில் என்ன அர்த்தமோ, அங்கேயும் அதே அர்த்தம்தான். அவர் கொடுத்து விடுகிறார். அவன் வெளியூர் போய் எல்லாவற்றையும் அழித்து, கடைசியில் பன்றி மேய்க்கும் நிலைக்கு வருகிறான். பசி தாங்காமல், 'மகனாக வேண்டாம், வேலைக்காரனாகவாவது சேர்த்துக் கொள்ளட்டும்' என்று ஊர் திரும்புகிறான்.

தூரத்தில் வரும்போதே தகப்பன் பார்த்து விடுகிறார். அந்தக் காலத்துப் பெரிய மனிதர், மேலாடையைத் தூக்கிக் கொண்டு தெருவில் ஓடுகிறார். மகன் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்பைச் சொல்லி முடிக்கும் முன்பே புதுத்துணி, மோதிரம், விருந்து எல்லாம் ஏற்பாடாகி விடுகிறது.

மூத்தவனுக்குக் கோபம். 'இத்தனை வருஷம் உழைத்தேன், எனக்கு ஓர் ஆட்டுக்குட்டி உண்டா?' என்று வாசலிலேயே நின்று விடுகிறான். அவனை அழைக்கவும் தகப்பன் வெளியே வருகிறார். கதை அங்கேயே முடிகிறது. மூத்தவன் உள்ளே போனானா, இல்லையா? கதையில் சொல்லப்படவில்லை.

கடவுள் கணக்கப்பிள்ளை போல் உட்கார்ந்திருப்பவர் அல்லர், வாசலுக்கு ஓடி வருகிற தகப்பன் என்கிறது இக்கதை. நற்செய்தியின் உயிர் இதில் இருக்கிறது. ஒழுங்காக வாழ்ந்த மூத்தவனும் வெளியேதான் நிற்கிறான் என்பதையும் மறக்க வேண்டாம். அதாவது, கெட்டுப் போனவனுக்கு மட்டும் உள்ள செய்தி அல்ல இது.

ஒரே சொல், வேறு பொருள்

இவ்வளவு எளிய செய்தி, நம்மவர் காதில் ஏன் வேறு விதமாக விழுகிறது? சொற்களால்தான்.

'பாவம்' என்கிறார் போதகர். நமக்கோ 'ஐயோ பாவம்' என்றால் இரக்கம். 'பாவ புண்ணியம்' என்றால் வினைக்கணக்கு. இன்றைய பாவத்தை நாளைய புண்ணியத்தால் சரிக்கட்டலாம் என்று மனம் கணக்குப் போடுகிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லுக்கோ குறி தவறுதல் என்பது மூலப்பொருள். மகன் வீட்டை விட்டுப் போனானே, அந்த உறவு முறிவுதான் அங்கே பாவம். கணக்கில் பற்று இருந்தால் வரவு வைத்து அடைக்கலாம். முறிந்த உறவை அப்படி அடைக்க முடியுமா? அதனால்தான் நற்செயல்கள் மட்டும் போதாது என்கிறார்கள். நற்செயல்கள் வீண் என்பது அதன் பொருள் அல்ல.

'நீ மறுபடியும் பிறக்க வேண்டும்' என்று இன்னொருவர் உற்சாகமாகச் சொல்கிறார். கேட்கும் சைவப் பெரியவர் திடுக்கிடுகிறார். 'இனிப் பிறவாமை வேண்டும்' என்றல்லவா அவர் தினமும் வேண்டுகிறார்! சொன்னவர் கருதியது இந்த வாழ்விலேயே உள்ளம் புதிதாவதை. கேட்டவருக்கு விழுந்தது பிறவிச் சுழல்.

'மீட்பு' என்ற சொல் நமக்கு நெருக்கமானது. அடகுக் கடையில் கிடக்கும் தாலிக்கொடி தானாக வீடு வந்து சேராது. வட்டியும் முதலும் கட்டி ஒருவர் மீட்க வேண்டும். நகையின் மேல் உரிமையும் ஆசையும் உள்ளவர்தான் மீட்பார். இயேசுவின் மரணத்தை இப்படி ஒரு மீட்பாகப் பைபிள் சொல்கிறது. ஆனால் உவமையை அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. 'அப்படியானால் பணத்தை யாருக்குக் கட்டினார்?' என்று கேட்டால், கிறிஸ்தவ அறிஞர்களே ஒரே பதில் சொன்னதில்லை. மூன்றாம் நூற்றாண்டின் ஒரிகன் ஒரு விதமாகவும், பதினோராம் நூற்றாண்டின் ஆன்செல்ம் வேறு விதமாகவும் விளக்கினார்கள்.

'அருள்' அல்லது 'கிருபை' என்பதை வைணவர்கள் எளிதில் பிடித்துக் கொள்வார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக் கொள்கிறது. பூனைக் குட்டியைத் தாயே கவ்விக் கொண்டு போகிறது. வடகலையாரும் தென்கலையாரும் இறையருளைப் பற்றி இந்த இரண்டு உவமைகளை வைத்து நெடுங்காலம் வாதிட்டார்கள். 'எங்கள் செய்தி பூனைக் குட்டிப் பக்கம் சாய்ந்தது' என்று ஒரு கிறிஸ்தவர் சொன்னால், பத்துப் பிரசங்கத்தில் புரியாதது ஒரே வரியில் புரிந்து விடும்.

கடவுளின் பெயருக்கே தமிழ்க் கிறிஸ்தவம் எத்தனை சொற்களைத் தேடியது தெரியுமா? பழைய கத்தோலிக்கர் 'சர்வேசுரன்' என்றனர். பதினெட்டாம் நூற்றாண்டில் பெப்ரீசியஸ் 'பராபரன்' என்றார். 1871-ல் வந்த மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'கடவுள்' என்கிறது. கேட்பவர் காதைத் தேடி நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் பயணம் இது.

தரங்கம்பாடி கற்றுத் தந்த பாடம்

1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் சீகன்பால்க் என்ற ஜெர்மானிய இளைஞர். வயது 23. டென்மார்க் மன்னர் அனுப்பி வைத்தவர். வந்ததும் மேடை போட்டுப் பேசவில்லை. தமிழ் வாத்தியார் ஒருவரின் பள்ளிக்கூடத்தைத் தம் வீட்டிற்கே வரவழைத்து, சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்துப் படித்தார். 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்.

1712 முதல் 1714 வரை தமிழர்களுக்கும் அந்த மிஷனரிமார்களுக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நடந்தது. அவர்கள் கேள்வி கேட்டனர், நம்மவர்கள் பதில் எழுதினர். நம்மவர்கள் சும்மா விடவில்லை. 'உங்கள் வேதம் நல்லதாக இருக்கலாம், உங்கள் கிறிஸ்தவர்களின் நடத்தை சரியில்லையே' என்ற கருத்தில் எழுதினர். ஐரோப்பியர்களின் குடியும், அசுத்தமும், மாட்டிறைச்சியும் அவர்களுக்கு அருவருப்பாக இருந்தன. அந்தக் கடிதங்களை மறைக்காமல் ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பியதே சீகன்பால்கின் நேர்மைக்குச் சான்று.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். அவரை 1708-ல் பிடித்து நான்கு மாதம் சிறையில் போட்டது இந்து மன்னர் அல்லர். தரங்கம்பாடியின் டேனிஷ் தளபதியே. தமிழர் தெய்வங்களைப் பற்றி அவர் 1713-ல் எழுதி முடித்த பெரிய நூலை, ஐரோப்பாவில் இருந்த அவரது ஆதரவாளர்கள் அச்சிட விரும்பவில்லை. 1867-ல்தான் அது சென்னையில் அச்சேறியது. கேட்பவரைப் புரிந்து கொள்ள முயன்றவருக்குச் சொந்தக்காரர்களிடமிருந்தே எதிர்ப்பு!

புரிந்தும் ஏற்காதவர், புரிந்து ஏற்றவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு தமிழ் அறிஞர்கள். ஒருவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். பைபிளை அவர் அளவுக்கு அறிந்தவர்கள் அன்று குறைவு. அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. 1848-ல் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1854-ல் 'சைவதூஷண பரிகாரம்' எழுதி, பைபிளில் உள்ள வழிபாட்டு முறைகளையே எடுத்துக் காட்டிச் சைவ வழிபாட்டை நிலைநாட்டினார்.

மற்றவர் நெல்லைச் சீமையின் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பனில் தோய்ந்தவர். 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். 1894-ல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தைத் தந்தார்.

இருவருமே அந்தச் செய்தியைச் சரியாகப் புரிந்து கொண்டவர்கள். முடிவு மட்டும் வேறு. இருவராலும் தமிழ் வளர்ந்தது. ஒருவருக்குப் புரிய வைப்பது வேறு, அவரைச் சம்மதிக்க வைப்பது வேறு. முதலாவது சொல்பவர் கடமை. இரண்டாவது கேட்பவர் மனச்சாட்சிக்கு உரியது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

கேள்வி: எல்லாச் சமயமும் ஒரே இடத்திற்குத்தானே போகிறது? பிறகு எதற்கு இவர்கள் மட்டும் தனியாகச் செய்தி சொல்ல வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி. எல்லா ஆறும் கடலுக்கே போகும் என்பது நம் மரபில் வந்த உயர்ந்த கருத்து. ஆனால் கிறிஸ்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. இயேசுவில் நடந்தது தனித்தன்மை உடையது என்பது அவர்கள் நம்பிக்கை. இதை மழுப்பி, 'நாங்களும் நீங்களும் ஒன்றே' என்று ஒரு கிறிஸ்தவர் சொன்னால், அவர் உங்களிடம் உண்மை பேசவில்லை என்று அர்த்தம். வேறுபாடு இருந்தால் மரியாதை போய்விடுமா? கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் மாரியம்மன் ஆலயமும் ஒரே கட்டடம் ஆகிவிடவில்லை. ஆனாலும் ஒரே வட்டாரத்தில் நிற்கின்றன.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன் ஆலயத் திருவிழாவிற்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். அப்படியானால் நாங்களும் நற்செய்தியை ஏற்றவர்கள்தானே?

பதில்: 1846-ல் தொடங்கிய ஆலயம் அது. ஜூலை 26-ஐ ஒட்டி நடக்கும் அந்தத் திருவிழாவிற்குப் பல இனத்தவரும் பல சமயத்தவரும் வருகிறார்கள். நீங்கள் போவதில் தவறே இல்லை. ஆனால் ஒன்று தெரிந்து கொள்ளுங்கள். மரியாளின் தாய் அன்னாள் என்பது கிறிஸ்தவ மரபு. பைபிளில் அவர் பெயர் இல்லை. 'பிள்ளைக்கு வேலை கிடைத்தால் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்' என்பது நேர்த்திக்கடன். மனிதனுக்கு இயல்பான வேண்டுதல் அது. நற்செய்தி அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு அப்பால் போகிறது. மகன் எதையும் கொண்டு வராதபோதே தகப்பன் ஓடி வந்தார் அல்லவா? அதுதான் வேறுபாடு.

கேள்வி: நோய் தீரும், கடன் தீரும் என்று சொல்லியும், அரிசி பருப்பு கொடுத்தும் ஏழைகளை இழுக்கிறார்களே? நம் தெய்வங்களைப் பேய் என்கிறார்களே?

பதில்: அப்படிச் செய்பவர்கள் உண்டு. அதனால் ஏற்படும் மனவருத்தமும் நியாயமானது. ஆனால் அது நற்செய்தி அல்ல என்று திருச்சபைகளே சொல்லி இருக்கின்றன. வத்திக்கானும், உலகத் திருச்சபைகள் மன்றமும், உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பும் சேர்ந்து 2011 ஜூனில் ஒரு நடத்தை நெறியை வெளியிட்டன. ஆசை காட்டுவது, வறுமையைப் பயன்படுத்துவது, வற்புறுத்துவது ஆகியவற்றை அது விலக்குகிறது. பிற சமயத்தாரைப் பற்றிப் பொய்யாகப் பேசக் கூடாது என்றும் சொல்கிறது. இயேசுவிடம் ஒரு பணக்கார இளைஞன் வந்து, அவர் சொன்னது பிடிக்காமல் வருத்தத்தோடு திரும்பிப் போனான். இயேசு அவனைத் துரத்திக் கொண்டு ஓடவில்லை. போக விட்டார். பசிக்கும் வீட்டுக்கு அரிசி கொடுப்பது தர்மம். ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் அரிசி என்றால் அது வியாபாரம்.

கேள்வி: பள்ளி மாணவர்களை அழைத்துப் போகிறார்களே, சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: நம் கூட்டரசு அரசமைப்பின் 11-ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயக் கொள்கைகளைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 12-ஆவது பிரிவின்படி 18 வயதுக்கு உட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோர் அல்லது பாதுகாவலரே தீர்மானிக்க வேண்டும். எனவே பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் சமயம் மாறச் சொல்வது முறையும் அல்ல, சட்டத்தின் நோக்கமும் அல்ல.

கேள்வி (ஒரு தாய்): ஐயா, என் ஒரே மகன் வேலைக்குப் போன இடத்தில் கிறிஸ்தவனாகி விட்டான். வீட்டில் சாமிக்குப் படைத்ததைச் சாப்பிட மாட்டேன் என்கிறான். எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. நான் செத்தால் எனக்குக் கொள்ளி வைப்பானா?

பதில்: அம்மா, இன்று கேட்கப்பட்ட கேள்விகளிலேயே கனமானது இது. முதலில் உங்கள் மகனுக்குச் சொல்கிறேன். தம்பி, தாய் தந்தையரை மதிக்க வேண்டும் என்பது உங்கள் வேதத்தின் பத்துக் கட்டளைகளில் ஒன்று. படைத்த உணவைச் சாப்பிடலாமா என்ற கேள்வி கொரிந்து நகரத்திலேயே எழுந்தது. பவுல் அதற்கு எழுதிய பதிலில், அறிவை விட அன்பு பெரிது என்பதையே வலியுறுத்துகிறார். சாப்பிடாமல் இருப்பது உங்கள் மனச்சாட்சி. ஆனால் அதை அம்மாவிடம் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் நற்செய்தி தெரியும். 'இது பேய்க்குப் படைத்தது' என்று சொன்னால் அன்றோடு அவர் காது மூடிவிடும். 'அம்மா, நீங்கள் படைக்கும் முன் எனக்கென்று கொஞ்சம் தனியாக எடுத்து வையுங்கள், உங்கள் கையால் சாப்பிடுகிறேன்' என்று கேட்டுப் பாருங்கள்.

கொள்ளி பற்றிக் கேட்டீர்கள். தகனம் செய்வதை 1963 முதல் கத்தோலிக்கத் திருச்சபை அனுமதிக்கிறது. இறந்தவருக்கு மரியாதை செய்வது வேறு, வழிபாடு வேறு என்ற விவாதம் நமக்கு முன்பே சீனக் கிறிஸ்தவர்களிடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. முன்னோரின் பெயர்ப்பலகை முன் தலை வணங்கலாம், அது மரியாதையே என்று 1939-ல் ரோமாபுரி ஏற்றுக் கொண்டது. மற்றச் சபைகளில் கருத்து வேறுபாடு உண்டு. எந்தச் சடங்கைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்பது உங்கள் மகன் தன் மனச்சாட்சியோடு முடிவு செய்ய வேண்டியது. ஆனால் பெற்ற தாயின் பாடையைத் தோளில் சுமக்கக் கூடாது, சுடுகாடு வரை போகக் கூடாது என்று எந்த நற்செய்தியும் சொல்லவில்லை.

இந்தப் பேச்சைச் சாவு வீட்டில் வைத்துக் கொள்ளாதீர்கள். உறவினர் கூட்டத்தின் நடுவே, ஐயர் ஒரு பக்கமும் போதகர் ஒரு பக்கமும் நிற்கும்போது முடிவெடுத்தால் சண்டையில்தான் முடியும். இன்றே மகனை உட்கார வைத்துக் கேளுங்கள். 'உன் சபையில் பேசும் வார்த்தை எதுவும் வேண்டாம். வீட்டுத் தமிழில் சொல், நீ எதை நம்புகிறாய்? என் காரியத்தில் நீ என்ன செய்வாய், எதைச் செய்ய மாட்டாய்?' என்று கேளுங்கள். செய்ய முடியாததைத் தங்கை மகனோ, பங்காளியோ செய்யட்டும். செய்யக் கூடியதை அவன் முழு மனதோடு செய்யட்டும். அவன் சொல்வதை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஒரு தடவை முழுவதும் கேட்டு விடுங்கள். அதே போல் உங்கள் நம்பிக்கையை நீங்கள் சொல்லும்போது அவனும் வாய் திறக்காமல் கேட்கட்டும்.

நேயர்களே, அந்தக் கதையில் மூத்தவன் உள்ளே வந்தானா என்று இயேசு சொல்லவில்லை என்றேன். கேட்பவர் கையில் முடிவை விட்டு விட்டார். நற்செய்தியைச் சொல்ல விரும்புகிறவர்கள் அந்தப் பொறுமையைக் கற்றுக் கொள்ள வேண்டும். கேட்கிறவர்கள், வேண்டாம் என்று சொல்வதாக இருந்தாலும், என்னவென்று தெரிந்து கொண்டு சொல்ல வேண்டும். அப்படி நடந்தால் சமயத்தின் பெயரால் நம் வீடுகளில் மூடிக் கிடக்கும் கதவுகளில் ஒன்றிரண்டாவது திறக்கும்.